பூட்டிக் கிடக்கும் ஸ்டோருக்குள் தப்புச் சத்தம்: கேட்பவர் திரும்பிப் பார்க்க என்ன செய்ய வேண்டும்?

தலவாக்கலை_ஒலி · சனி, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் பல வருடமாகப் பூட்டிக் கிடக்கும் ஸ்டோரையும் (தேயிலைத் தொழிற்சாலை) அங்கிருந்து லயத்துக்கு (தொழிலாளர் குடியிருப்பு வரிசை) போகும் பாதையையும் வைத்து ஒரு ஒலி நடை செய்துகொண்டிருக்கிறோம். இயர்போனை மாட்டிக்கொண்டு நடந்தால் அந்தந்த இடத்தில் அந்தக் காலத்துச் சத்தம் கேட்க வேண்டும். காலையில் ஆட்களை வேலைக்குக் கூட்டும் பிரட்டுக்களத்தில் தப்பு (பறை), மலையில் கங்காணி (வேலை மேற்பார்வையாளர்) கூப்பிடுவது, கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் நிறை சொல்லும் குரல், ஸ்டோருக்குள் கொழுந்தை அரைக்கும் ரோலர் இரைச்சல். யூனிட்டி என்ற கேம் மென்பொருளில், சத்தத்துக்குத் திசை கொடுக்கும் ஸ்டீம் ஆடியோ போட்டுச் செய்கிறோம். சாதாரண ஆண்ட்ராய்டு போன், சாதாரண புளூடூத் இயர்போன். போனைக் கையில் பிடித்துத் திருப்பினால் சத்தமும் திரும்பும்.

இடது வலது நன்றாகத் தெரிகிறது. ஆனால் சத்தம் அந்த இடத்தில் இருப்பதாகத் தோன்றவில்லை, மண்டைக்குள்ளேயே நிற்கிறது. முன்னால் வைத்த குரல் பின்னால் கேட்கிறது என்று பலர் சொல்கிறார்கள். எங்கள் அப்பாயி கேட்டுவிட்டு "ரேடியோ நல்லா இருக்கு" என்றார். அவரை அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்க வைப்பதுதான் எனக்கு வேண்டும். எங்கே கை வைப்பது?

---

கந்தப்பளை_பௌதிகம் · சனி, இரவு 10.30

தம்பி, நல்ல வேலை. முதலில் காது எதை வைத்துத் திசை கண்டுபிடிக்கிறது என்று பார்த்துவிடுவோம், உங்கள் இரண்டு பிரச்சினைக்கும் விடை அதில் வருகிறது.

இடது வலது தெரிவதற்கு இரண்டு குறிப்பு போதும். ஒரு பக்கத்திலிருந்து வரும் சத்தம் மற்றக் காதுக்குச் சற்றுப் பிந்திப் போகிறது. மனிதத் தலையின் அளவுக்கு அந்தப் பிந்தல் அதிகபட்சம் சுமார் 0.65 மில்லி செக்கன். சுமார் 1500 ஹேர்ட்ஸுக்கு மேல் போனால் தலையே நிழல் போட்டு மறைப்பதால் தூரத்துக் காதில் சத்தம் குறைகிறது. இதை ரேலி பிரபு 1907இலேயே எழுதிவிட்டார். ஸ்டீம் ஆடியோ இதைச் சரியாகத்தான் கொடுக்கிறது, அதனால்தான் உங்களுக்கு இடது வலது தெரிகிறது.

முன் பின் வேறு கதை. நேர் முன்னால் இருக்கும் சத்தமும் நேர் பின்னால் இருக்கும் சத்தமும் இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் ஒரே அளவில் வருகின்றன. வித்தியாசத்தைச் சொல்வது காது மடலின் மேடு பள்ளம். அது உயர் அதிர்வெண்களைத் திசைக்கு ஏற்பக் கூட்டிக் குறைக்கிறது. இந்த வடிகட்டலைத்தான் ஹெச்ஆர்டிஎஃப் என்கிறார்கள். ஆளுக்கு ஆள் மடல் வேறு. உங்கள் மென்பொருளில் இருப்பது யாரோ ஒருவருடைய காது, அல்லது ஒரு பொம்மைத் தலையின் காது. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1994இல் கேமார் என்ற பொம்மைத் தலையில் அளந்து வெளியிட்டது இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. அந்தக் காதை உங்கள் அப்பாயி இரவல் வாங்கிக் கேட்கிறார், முன்னும் பின்னும் குழம்பத்தான் செய்யும்.

இயற்கை இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. நாம் தலையைத் திருப்புகிறோம். முன்னால் இருக்கும் சத்தம் தலையை வலப்பக்கம் திருப்பினால் இடது காதுக்குக் கூடும். பின்னால் இருந்தால் வலது காதுக்குக் கூடும். ஒரு சின்ன அசைவிலேயே சந்தேகம் தீர்ந்துவிடும். ஹான்ஸ் வாலாக் 1940இல் இதைச் சோதித்துக் காட்டினார். உங்கள் அமைப்பில் திரும்புவது போன், தலை அல்ல. தலை திரும்பும்போது சத்தமும் கூடவே திரும்பிவிடுகிறது. தலையோடு ஒட்டிக்கொண்டு வரும் சத்தத்தை மூளை எப்படி வெளியில் வைக்கும்? மண்டைக்குள் கேட்பதற்கு முதல் காரணம் இதுதான்.

---

ஹட்டன்_கோடர் · சனி, இரவு 11.05

சேர் சொன்னதோடு ஒன்று. தலை அசைவைப் பிடித்தாலும் தாமதம் இருந்தால் பயனில்லை. சாதாரண புளூடூத்தில் சத்தம் காதுக்கு வர 150 முதல் 250 மில்லி செக்கன் ஆகும். ஒருவர் செக்கனுக்கு 100 பாகை வேகத்தில் தலையைத் திருப்பினால், 200 மில்லி செக்கன் தாமதத்தில் சத்தம் 20 பாகை தள்ளி நின்று பிறகு ஓடி வந்து சேரும். அந்த ஓட்டத்தைக் காது பிடித்துவிடும். மொத்தத் தாமதம் 60 மில்லி செக்கனுக்குக் கீழே வந்தால் பெரும்பாலோர் கவனிக்க மாட்டார்கள்.

செலவு குறைந்த வழி: வயர் ஹெட்போன், நெற்றிப் பட்டையில் தலை திரும்புவதை அளக்கும் ஒரு பிஎன்ஓ055 சென்சர், அதோடு அந்தத் தரவை அனுப்ப ஈஎஸ்பி32 என்ற ஒரு சின்னக் கணினிப் பலகை. சென்சர் தரவு மட்டும் காற்றில் போனுக்குப் போகட்டும், சத்தம் வயரில் வரட்டும். செலவு கூடினாலும் பரவாயில்லை என்றால் ஐபோனும் ஏர்பாட்ஸ் ப்ரோவும். 2020இல் ஐஓஎஸ் 14 வந்ததிலிருந்து அந்த இயர்போனின் தலை அசைவுத் தரவை நம் ஆப்பிலேயே படிக்கலாம். அதிலும் கொஞ்சம் தாமதம் உண்டு, ஆனால் உங்களிடம் இப்போது இருப்பதற்கு எவ்வளவோ மேல்.

---

பதுளை_மைக் · ஞாயிறு, காலை 6.48

தலை அசைவைச் சரிசெய்யுங்கள், அது கட்டாயம். ஆனால் மீதி வேலை அந்த ஸ்டோருக்குள் இருக்கிறது, அதைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை.

உங்கள் ஆள் கதவைத் திறந்து உள்ளே வருகிறார். பலகைத் தரையில் அவர் காலடி கேட்கிறது. ஒரு இருமல், கதவு சாத்தும் சத்தம், கூட வந்தவரின் பேச்சு. நீங்கள் ஒரு சத்தமும் போடுவதற்கு முன்பே இந்த அறை எப்படி ஒலிக்கிறது என்று அவர் காது படித்துவிட்டது. அப்புறம் உங்கள் குரல் வருகிறது, மென்பொருளில் 'பெரிய மண்டபம்' என்று போட்டிருக்கும் ரிவெர்போடு (செயற்கை அறை எதிரொலி). காது உடனே சொல்லிவிடும், இது இந்த அறையில் பிறந்த சத்தம் இல்லை என்று. திசை எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அது உள்ளே போய்ச் சுருங்கிவிடும். இதை ஆராய்ச்சியிலும் பார்த்திருக்கிறார்கள்: அதே ஹெட்போன், அதே ஹெச்ஆர்டிஎஃப், கேட்பவர் இருக்கும் அறையும் சத்தத்தில் உள்ள அறையும் வேறாக இருந்தால் சத்தம் வெளியில் இருப்பதாகத் தோன்றுவது குறைகிறது.

ஆகவே ஸ்டோரைப் பதிவு செய்யுங்கள். எளிய வழி, சத்தம் வர வேண்டிய இடத்தில் ஒரு பெரிய பலூனை உடைத்து, கேட்பவர் நிற்கும் இடத்தில் மைக் வைத்துப் பிடிப்பது. இன்னும் சுத்தமான வழி, கீழ் சுருதியிலிருந்து மேல் சுருதி வரை வழுக்கிப் போகும் ஒரு ஒலியை நல்ல ஸ்பீக்கரில் விட்டுப் பதிவு செய்து, கணக்குப் போட்டு அறையின் பதிலை மட்டும் பிரித்தெடுப்பது. ஆஞ்செலோ ஃபரீனா 2000இல் முன்வைத்த முறை. சத்தம் வைக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் தனியாக எடுங்கள். மேல் மாடியில், கொழுந்து வாட்டிய இடத்தில் எடுத்ததைக் கீழே ரோலர் இருந்த இடத்துக்குப் போடக் கூடாது.

அப்புறம் பதிவு. குரல்கள் எல்லாம் உலர்ந்ததாக இருக்க வேண்டும். சுற்றிலும் கம்பளி தொங்கவிட்ட அறையில் மைக்கை வாய்க்குக் கிட்ட வைத்து எடுங்கள். ஒரு வீட்டு ஹோலில் எடுத்த குரலை ஸ்டோருக்குள் போட்டால் அறைக்குள் இன்னொரு அறை கேட்கும். நீங்கள் கேட்டது மண்டைக்குள் இருந்ததற்கு இதுவும் காரணமாக இருக்கலாம்.

தூரமும் இதில்தான் இருக்கிறது. வால்யூமைக் குறைத்தால் சத்தம் தூரப் போகும் என்று நினைத்து விடுகிறோம். அறைக்குள் ஒரு ஆள் தூரப் போகும்போது அவரிடமிருந்து நேராக வரும் சத்தம் குறைகிறது, சுவரில் பட்டு வருவது ஏறக்குறைய அதே அளவில் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள விகிதத்தைத்தான் காது தூரமாகப் படிக்கிறது. அதை மாற்றுங்கள்.

ஒரு கேள்வி உங்களுக்கு வரும், முன்கூட்டியே சொல்கிறேன். இயந்திரங்கள் எல்லாம் கழற்றி விற்கப்பட்டிருக்கும், கண்ணாடிகள் உடைந்திருக்கும். அன்று இருந்த ஸ்டோர் வேறு மாதிரி ஒலித்திருக்கும். அன்றைய அறையையா இன்றைய அறையையா போடுவது? வரலாறு அன்றையதைக் கேட்கும். காது இன்றையதைத்தான் ஏற்கும். இன்றைய வெறும் ஸ்டோரைப் போடுங்கள்.

---

தலவாக்கலை_ஒலி · ஞாயிறு, காலை 9.20

மைக் அண்ணே, கடைசிப் பத்தி என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. நாங்கள் பழைய படங்களைப் பார்த்து அறையை இயந்திரங்களோடு கணினியில் கட்டிக்கொண்டிருந்தோம். அதை நிறுத்துகிறோம்.

இரண்டு சந்தேகம். ரோலர் சத்தத்தை ஓடிக்கொண்டிருக்கும் வேறு ஒரு ஸ்டோரில்தான் எடுக்க முடியும், அங்கே கம்பளி தொங்கவிட முடியாது. இன்னொன்று, மலைப் பாதையில் சுவரே இல்லையே, அங்கே எந்த அறையைப் பதிவு செய்வது?

---

பதுளை_மைக் · ஞாயிறு, காலை 9.41

ரோலருக்கு: மைக்கை இயந்திரத்துக்கு மிகக் கிட்ட வையுங்கள், பக்கத்து இயந்திரங்களுக்கு முதுகு காட்டி. கிட்ட வைத்தால் நேர் சத்தம் மேலோங்கும், அறை பின்னுக்குப் போய்விடும். ரோலர் பெரிய பொருள், ஒரே புள்ளியிலிருந்து சத்தம் போடுவதில்லை. தட்டு அரைப்பது ஒரு இடம், மோட்டர் ஒரு இடம், பெல்ட் ஒரு இடம். தனித்தனியாக எடுத்து ஸ்டோரில் தனித்தனி இடத்தில் வையுங்கள். ஒரே புள்ளியில் வைத்தால் மேசையில் வைத்த ஸ்பீக்கர் மாதிரி இருக்கும்.

மலைக்குச் சேர் வந்து சொல்லட்டும்.

---

கந்தப்பளை_பௌதிகம் · ஞாயிறு, பகல் 12.15

வெட்டவெளிதான் மிகக் கடினம். அறை இல்லாததால் சத்தத்தை வெளியே தள்ளும் எதிரொலிகள் குறைவு. அங்கே தலை அசைவின் பொறுப்பு இரட்டிப்பாகிறது. ஆனால் நம் மலையில் வெட்டவெளி என்றாலும் ஒன்றுமே இல்லாத இடம் அல்ல.

காலடித் தரையில் பட்டு ஒரு பிரதிபலிப்பு வரும். அப்புறம் எதிர்மலை. 15 பாகை செல்சியஸில் ஒலி செக்கனுக்குச் சுமார் 340 மீற்றர் போகும். எதிர்ச் சரிவு 170 மீற்றர் தள்ளி இருந்தால் கங்காணியின் குரல் சரியாக ஒரு செக்கன் கழித்து மங்கலாகத் திரும்பி வரும். (மேலே ஏறினால் காற்று மெலிகிறது, ஒலியின் வேகம் குறைகிறது என்று மாணவர்கள் எழுதுவார்கள். வேகத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை.) நீங்கள் அந்த இடத்தில் நின்று ஒரு தரம் கைதட்டிப் பதிவு செய்தாலே எந்தத் திசையிலிருந்து எவ்வளவு நேரம் கழித்து எதிரொலி வருகிறது என்று தெரிந்துவிடும். அதை அப்படியே ஒரு தனி ஒலிமூலமாக எதிர்மலையில் வையுங்கள். இந்த ஒன்று வந்தால் சத்தம் மலைக்குச் சொந்தமாகிவிடும்.

தூரத்துக்கு ஏற்பக் குறைவது: திறந்த வெளியில் தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபெல். நூறு மீற்றரைத் தாண்டும்போது உயர் அதிர்வெண்களைக் காற்று தின்றுவிடும், அவற்றைத் தேயவிடுங்கள்.

நேரத்தையும் கவனியுங்கள். பனி விழும் விடியற்காலையில் பள்ளத்தாக்கில் குளிர்ந்த காற்று கீழேயும் சூடான காற்று மேலேயும் நிற்கும். அப்போது ஒலி மேலே போகாமல் வளைந்து கீழே இறங்கும். பக்கத்துத் தோட்டத்துக் கோயில் மைக் விடியற்காலையில் தெளிவாகக் கேட்பதற்குக் காரணம் இதுதான். வெயில் ஏறிய பிறகு ஒலி மேல்நோக்கி வளையும், அதே மைக் தேய்ந்துவிடும். பிரட்டுத் தப்பு விடியற்காலைச் சத்தம். நடையைக் காலை ஆறு மணிக்கு வைத்தால் தூரத்துத் தப்பைத் தாராளமாகக் கேட்கவிடலாம். மதியத்தில் வைத்தால் அதே அளவு பொருந்தாது.

---

லிந்துலை_டீச்சர் · ஞாயிறு, மாலை 4.02

தொழில்நுட்பம் எனக்கு அவ்வளவு தெரியாது. பிள்ளைகளை வைத்துக் காமன் கூத்துப் பதிவு செய்த அனுபவத்தில் இரண்டு விஷயம்.

கங்காணி மலையில் கூப்பிடுவதை அறைக்குள் உட்கார வைத்து எடுக்காதீர்கள். அறைக்குள் யாரும் முழுத் தொண்டையில் கத்த மாட்டார்கள், மெல்லச் சொல்லிவிட்டு "போதுமா?" என்பார்கள். அந்தக் குரலை எவ்வளவு கூட்டினாலும் அது கிட்டத்தில் நிற்கும் ஆளின் பேச்சாகவே கேட்கும். கத்துகிற தொண்டை வேறு, அதன் இழுப்பு வேறு. நூறு அடி தள்ளி ஒரு ஆளை நிறுத்தி "அவருக்குக் கேட்கும்படி கூப்பிடுங்க" என்று சொல்லி எடுங்கள்.

தப்பும் அப்படித்தான். நெருப்பில் காய்ச்சி எடுத்த தப்பின் சத்தமும் குளிரில் இறங்கிப்போன தப்பின் சத்தமும் ஒன்றல்ல. பிரட்டுக்கு அடித்தவர் விடியற்காலைக் குளிரில் அடித்தார். தப்படிக்கிற பெரியவர்களிடம் கேளுங்கள். அந்த அடி எப்படி இருக்கும், சாவுக்கு அடிப்பது எப்படி வேறுபடும் என்று அவர்கள்தான் சொல்ல முடியும். அடி மாறினால் ஊரில் வயதானவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வருவார்கள். நிஜம் போலக் கேட்க வேண்டும் என்று நீங்கள் உழைக்கும் உழைப்புக்கு இந்தப் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது.

---

பதுளை_மைக் · ஞாயிறு, மாலை 4.30

டீச்சர் குரலைப் பற்றிச் சொன்னது முக்கியமான விஷயம். வால்யூம் என்னவாக இருந்தாலும், கத்துகிற குரல் என்றால் தூரத்து ஆள், கிசுகிசு என்றால் பக்கத்து ஆள் என்று காது முடிவு செய்துவிடும். கத்திய குரலைச் சன்னமாக விட்டால் அது தானாகவே தூரப் போகும்.

---

கண்டி_வடிவமைப்பு · ஞாயிறு, இரவு 8.11

ஒரு மாற்றுக் கருத்து. எல்லாவற்றையும் நிஜம் என்று நம்ப வைக்க வேண்டுமா? மைக்ரோசாஃப்ட் 2018இல் சவுண்ட்ஸ்கேப் என்று ஒரு ஆப் விட்டது. பார்வையற்றவர்களுக்கு, போக வேண்டிய இடத்தின் திசையிலிருந்து ஒரு தாள ஒலி கேட்கும். அது நிஜச் சத்தம் போல நடிக்கவே இல்லை, ஆனாலும் பயன்பட்டது. 2023இல் நிறுத்தியபோது நிரலைத் திறந்து விட்டார்கள். உங்கள் நடையிலும் கதை சொல்பவரின் குரல் மண்டைக்குள்ளேயே இருக்கட்டும். அது நினைவு. வெளியில் கேட்க வேண்டியது அந்த இடத்தின் சத்தங்கள் மட்டும். இரண்டையும் ஒரே மாதிரி வெளியில் வைத்தால் கேட்பவர் யார் எங்கே என்று களைத்துப் போவார்.

---

தலவாக்கலை_ஒலி · ஞாயிறு, இரவு 8.25

இதை ஏற்கிறேன். கதைக் குரலை உள்ளே விடுகிறோம். ஆனால் தப்பு, கங்காணி, மடுவம், ரோலர் நான்கும் வெளியில்தான். அந்தச் சத்தங்களைக் கேட்டு எழுந்து, கேட்டு நடந்து, கேட்டு நிறைக்கு நின்ற பரம்பரை எங்களுடையது. அவர்கள் பேரப் பிள்ளைகள் ஒரு முறையாவது அதே இடத்தில் நின்று கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வேலையே.

---

வெளிக்களம்_பொகவந்தலாவை · ஞாயிறு, இரவு 9.50

தோட்டத்தில் வேலை செய்கிறவன் என்ற முறையில் ஒன்று. காதை அடைக்கும் இயர்போன் போட்டு ஆட்களைத் தேயிலை மலைக்குள் அனுப்பாதீர்கள். குளவி கலைந்தால் முதலில் வருவது யாராவது போடும் சத்தம்தான். அது கேட்காத ஆள் அங்கேயே நிற்பார். பாதை ரோட்டைக் கடக்கிறது என்றால் வளைவில் பஸ் அடிக்கும் ஹோர்னும் கேட்க வேண்டும். தயவுசெய்து இதைக் கடைசியில் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள்.

---

ஹட்டன்_கோடர் · ஞாயிறு, இரவு 10.22

முழுக்கச் சரி, இது நம் வேலைக்கும் நல்லது. காதைத் திறந்து விடும் வகை ஹெட்போன் என்றால் உண்மைக் காற்றும் காலடியும் எந்த மாற்றமும் இல்லாமல் உள்ளே போகும். அடைத்துவிட்டு மைக் வழியாக வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வகையில், கசிந்து வரும் சத்தமும் மைக் வழியாகப் பிந்தி வரும் சத்தமும் கலந்து ஒரு தகரத்தன்மை வரும். எலும்பு வழியாகக் கடத்தும் வகையை எடுக்காதீர்கள். அது காதைத் திறந்துதான் வைக்கும், ஆனால் சத்தம் இரண்டு பக்கத்துக்கும் எலும்பில் பரவுவதால் திசை மங்கிவிடும். காதுக்கு முன்னால் தொங்கும் சின்ன ஸ்பீக்கர் வகை பாருங்கள்.

அப்புறம் ஜிபிஎஸ். திறந்த வானத்தில் போன் 5 மீற்றர் வரை பிசகும், மரத்தடியிலும் மலை மடிப்பிலும் இன்னும் மோசம். 10 மீற்றர் தூரத்தில் ஒரு குரலை வைத்தால், 5 மீற்றர் பிசகில் அது 30 பாகை வரை திசை மாறும். அதே குரலை 50 மீற்றர் தள்ளி வைத்தால் பிசகு 6 பாகைக்குள். ஆகவே மலையில் கிட்டத்துச் சத்தம் வேண்டாம், எல்லாம் தூரத்தில் இருக்கட்டும். கிட்டத்துச் சத்தங்களை ஸ்டோருக்குள் வையுங்கள், அங்கே ஆண்ட்ராய்டு போனில் ஓடும் ஏஆர்கோர் என்ற மென்பொருள் கேமரா வழியாக இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தகரமும் இரும்பும் இருக்கும் இடத்தில் போனின் திசைகாட்டியை நம்பாதீர்கள்.

---

தலவாக்கலை_ஒலி · அடுத்த ஞாயிறு, மாலை 5.37

ஸ்டோரில் பலூன் உடைத்து எடுத்தோம். நெற்றிப் பட்டை சென்சரும் வேலை செய்கிறது. முதல் தரம் குரல் அறைக்குள் நின்றபோது எங்களில் ஒருவன் அந்த இடத்தைச் சுற்றி நடந்து பார்த்தான்!

ஆனால் வெறும் தரையில், நேர் முன்னால் வைத்த ஆளின் குரல் சிலருக்கு இன்னும் பின்னால் போகிறது. மாடியில் வைத்த சத்தமும் கதவுக்கு அப்பால் வைத்ததும் எல்லோருக்கும் சரியாக இருக்கிறது. சென்சர் எல்லா இடத்திலும் ஒன்றுதானே, ஏன் இப்படி?

---

பதுளை_மைக் · அடுத்த ஞாயிறு, மாலை 6.10

கண் தலையிடுகிறது. முன்னால் ஆள் இருக்க வேண்டிய இடத்தில் ஆள் இல்லை. அப்படியானால் பின்னால்தான் இருக்க வேண்டும் என்று மூளை முடிவு செய்கிறது. மாடிக்கும் கதவுக்கும் இந்தச் சிக்கல் இல்லை, அங்கே ஆள் மறைந்திருக்க இடம் இருக்கிறது. சத்தத்துக்கு எப்போதும் ஒரு ஒளிவிடம் கொடுங்கள். நிறை சொல்லும் குரலைப் பாதி திறந்த கதவுக்குப் பின்னால் தள்ளி, உயர் அதிர்வெண்களைக் கொஞ்சம் வெட்டிவிடுங்கள். வெறும் தரையின் நடுவில் எந்தக் குரலையும் வைக்க வேண்டாம்.

ஹெச்ஆர்டிஎஃப் ஒன்றே ஒன்று வைத்திருந்தால் நான்கைந்து வையுங்கள். தொடங்கும்போது ஒரு சத்தத்தை முன்னாலும் மேலேயும் ஓடவிட்டு, யாருக்கு எது பொருந்துகிறதோ அதை அவரே தேர்ந்தெடுக்கட்டும். காது புது மடலுக்குப் பழகும் என்பது உண்மைதான். 1998இல் ஹாஃப்மன் என்ற ஆராய்ச்சியாளரும் கூட்டாளிகளும் ஆட்களின் காதுக்குள் அச்சு வைத்து மடலின் வடிவத்தை மாற்றினார்கள், சில வாரங்களில் மேல் கீழ் திசையறிவு திரும்பி வந்தது. ஆனால் உங்கள் நடைக்கு வருபவரிடம் வாரங்கள் இல்லை.

---

தலவாக்கலை_ஒலி · அடுத்த ஞாயிறு, இரவு 7.02

சரி, நிறைக் குரல் கதவுக்குப் பின்னால் போகிறது. கடைசியாக ஒன்று. இன்று பின்னேரம் மழை தகரத்தில் கொட்டியபோது குரல்கள் அமுங்கிவிட்டன. மழையில் வால்யூமைத் தானாகக் கூட்ட ஒரு நிரல் எழுதலாமா?

---

பதுளை_மைக் · அடுத்த ஞாயிறு, இரவு 7.15

எழுதாதீர்கள். தகரத்தில் மழை அடிக்கும்போது பக்கத்தில் நிற்கும் ஆள் பேசுவதே கேட்காது. உங்கள் குரல் மட்டும் தெளிவாகக் கேட்டால் அந்த நிமிடமே எல்லாம் கலைந்துவிடும். அமுங்கட்டும். ரோலர் மட்டும் மழையை மீறிக் கேட்கலாம், அது அவ்வளவு சத்தமான இயந்திரம். கதை புரிவதற்குத் தேவையான சொல் ஏதாவது மழையில் போய்விடும் என்றால் அதை உள்ளே இருக்கும் கதைக் குரலுக்கு மாற்றிவிடுங்கள்.

பலூன் பதிவுகளை எனக்கு அனுப்புங்கள். தொடக்கத்தில் மைக் உடைந்து ஒலித்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, மேல் மாடிக்கு வழுக்கும் ஒலி முறையில் மறுபடி எடுக்க வேண்டுமா என்று சொல்கிறேன்.